இடது தோள் இறங்கிய சட்டை

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் துணி எங்கே வாங்குவது என்று சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. ஒரு வார இதழில் கடைசிக்கு முந்திய பக்கம் என்னுடையது. 'கை நிறைந்தாலும் வாங்கலாம், கையைக் கடித்தாலும் வாங்கலாம்' என்பது பக்கத்தின் தலைப்பு. நான் வைத்ததல்ல. வைத்தவர் வேலையை விட்டு நிம்மதியாகப் போய்விட்டார், தலைப்பு என் கழுத்தில் தொங்குகிறது.

ஆனால் வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. பெரிய கடைக்குப் போனால் கண்ணாடிக்குள் பொம்மை போட்டிருப்பதை விட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே யாரும் எட்டிப் பார்க்காத கூடையைக் கிளறுங்கள் என்று எழுதியவள் நான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஏற்றுமதியில் கழித்த துணிகளைக் குவித்து விற்கும் சந்தில், பட்டன் போன சட்டையாகப் பார்த்து எடுங்கள், பட்டன் தைக்க நேரமில்லாதவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள் என்று எழுதியவளும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் பழைய துணி விரிப்பவர்களிடம் காலையில் போனால் நல்ல கோட்டு கிடைக்கும், சாயங்காலம் போனால் நல்ல பேரம் கிடைக்கும். எதிரே வருபவர் போட்டிருப்பது எந்தக் கடை என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவேன்.

இவ்வளவு சொல்லிக்கொடுத்த நான், எனக்கென்று எந்தக் கடையிலும் ஒரு சட்டை வாங்கியதில்லை.

என் இடது தோள் வலது தோளைவிட நன்றாகவே இறங்கியிருக்கும். பிறக்கும்போதே முதுகெலும்பு அப்படி வளைந்துவிட்டது. வலியோ வேறு தொந்தரவோ கிடையாது, மூட்டை தூக்கச் சொன்னாலும் தூக்குவேன். ஆனால் கடையில் தொங்கும் எதை எடுத்துப் போட்டாலும் கழுத்து ஒரு பக்கமாக வழியும், இடது ஓரம் தொங்கிப்போய், யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். அதனால் தையல்காரரிடம் கொடுத்து, இடது தோளில் பஞ்சு வைத்துத் தைத்துப் போடுவேன். அதற்கு மேல் வெயிலானாலும் மழையானாலும் ஒரு சால்வை. இதழில் அச்சாகும் என் படத்தில் முகம் மட்டும்தான் இருக்கும்.

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். இதழின் ஆசிரியர் அம்மா ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"படிக்கிறவங்க குறைஞ்சுட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து வீடியோ. ஒவ்வொரு வாரமும் ஒரு கடை. நீங்களே உள்ள போய், எடுத்து, போட்டுக் காட்டணும்."

"நான் எழுதித் தரேன். போட்டுக் காட்டறதுக்கு வேற யாரையாவது வச்சுக்கலாமே."

"போடறவங்களே பேசிடுவாங்களே. அப்புறம் பக்கத்தையும் அவங்களுக்கே குடுத்துடலாம்ல?"

அவர் குத்திப் பேசவில்லை, நியாயத்தைத்தான் சொன்னார். எனக்குத்தான் பயம். வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் துணி என்றால் உயிர். எதையும் வாங்காமல் நாள் முழுக்கக் கடைக்குள் சுற்றினால் சந்தேகப்பட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். எழுதுகிறவள் என்றால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். இதழில் என் பக்கம் பறிபோனால் கடைக்குள் நுழைய எனக்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

தங்கையிடம் போய்ப் புலம்பினேன். அவள் எதைப் போட்டாலும் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். வீட்டில் அவள் பெயரே ஹேங்கர். "புலம்பறத விட்டுட்டு கிளம்புக்கா. தேடுவோம். உலகத்துல உனக்குன்னு ஒரு சட்டையாவது இல்லாமலா போயிடும்," என்று என்னைப் பேருந்து நிலையத்துச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரருக்கு என்னைத் தெரியும். எங்களைக் குவியலோடு விட்டுவிட்டு அவர் போனில் மூழ்கிவிட்டார். தங்கை ஒவ்வொன்றாக எடுத்து என் மேல் வீசினாள், நான் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப வீசினேன். கடைசியில் ஒரு பச்சைச் சட்டை வந்து விழுந்தது. பட்டன் பட்டி நேராக இறங்காமல் கழுத்திலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போகும் மாடல். இந்த மாதிரிச் சட்டைதான் என்னை அதிகம் கோணலாகக் காட்டும். அலுத்துக்கொண்டே போட்டேன்.

கண்ணாடியைப் பார்த்ததும் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கழுத்து வழியவில்லை, தோள் தையல் தோளின் மேலேயே இருந்தது. கீழ் ஓரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தங்கை என்னைச் சுற்றி வந்தாள். "உள்ள பஞ்சு வச்சிருக்கியா?"

"இல்லடி."

"பொய் சொல்லாத." தோளில் விரலால் குத்திப் பார்த்தாள். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி அவளே போட்டுக்கொண்டாள். கழுத்திலிருந்து இடது அக்குள் வரை ஒரு மடிப்பு விழுந்தது, இடது ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. "என்னக்கா இது, என்னைக் கோணலாக் காட்டுது," என்று முகத்தைச் சுளித்தாள். ஹேங்கர் கோணலாகி அன்றுதான் பார்த்தேன். மனசு கொஞ்சம் குளிர்ந்தது, அதை மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து சட்டையை மேஜையில் விரித்தேன். இடது தோளின் சரிவு அதிகம், இடது கை நுழையும் வளைவும் அதற்கேற்ப இறங்கியிருந்தது. தைக்கும்போது கை நழுவியதில்லை இது. யாரோ அளந்து, வரைந்து, வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். யாருக்காக? ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் சட்டையோடு, கடை திறக்கும் முன்பே போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

"அந்த லாட்டா?" கடைக்காரர் சிரித்தார். "மொத்தமும் திரும்பி வந்த சரக்கு மேடம். போடறவங்க எல்லாரும் இடது பக்கம் தூக்குதுன்னு சொன்னாங்களாம். உங்க கையில கிடைச்சது எப்படியோ குவியல்ல தப்பிச்சது. மிச்சமெல்லாம் மெஷின் துடைக்கிற துணியாப் போயாச்சு."

மெஷின் துடைக்கப் போயிற்று என்றதும் எனக்குப் பகீரென்றது. நூற்றுக்கணக்கான சட்டைகள், அத்தனையும் என் தோளுக்கு, கிரீஸ் துடைத்துக்கொண்டிருக்கின்றன. "எந்த ஃபேக்டரி?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அங்கே துணி வெட்டும் மாஸ்டருக்கே போன் போட்டுத் தந்தார்.

தொழிற்சாலையின் வெட்டும் அறையில் ஆள் நீளத்துக்கு மேல் நீண்ட மேஜைகள், அவற்றில் அடுக்கடுக்காகத் துணி. சுவர் முழுக்கக் கொக்கிகளில், துணி மேல் வைத்து வரைந்து வெட்டும் அட்டைப் பேட்டர்ன்கள். மாஸ்டர் காதில் சாக்கட்டியைச் செருகிக்கொண்டு, நான் கொண்டுபோன சட்டையைத் திருப்பிப் பார்த்தார். நான் சால்வைக்குள் இருந்தேன், என்னை அவர் கவனிக்கவில்லை.

"பொதுவா ஒரு பக்கம்தான் வரைவோம். பேப்பரை மடிச்சு வெட்டினா மறுபக்கம் தானா வந்துடும். ரெண்டு தோளும் ஒண்ணு போலத்தான் இருக்கும். இதுல பட்டி குறுக்கால போகுது பாருங்க. வலது வேற, இடது வேற. அதனால துணிய அளவுக்கு நிக்கிற பொண்ணு மேலயே போட்டு, பின் குத்தி, அப்படியே எடுத்து வரைஞ்சோம்."

"அளவுக்கு நிக்கிற பொண்ணுன்னா?"

"எங்க மீடியம் சைஸ் அந்தப் பொண்ணுதான். அவ மேல சரியா இருந்தாத்தான் வெட்டுவோம். பொம்மை மேல போட்டா கை தூக்குமா, மூச்சு விடுமா? அதுக்குத்தான் ஆளு." சட்டையை மடித்து என்னிடம் நீட்டினார். "அவ தோளு சாஞ்சிருந்திருக்கு. நாங்க எங்க கண்டோம், துணியத்தான் பாத்தோம். லாட்டு திரும்பி வந்ததும் மேல இருக்கிறவங்க பிடிச்சுக்கிட்டாங்க. நிக்கத் தெரியாம ஆடிக்கிட்டு நின்னுருக்கான்னு சொல்லி அவள வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

"அந்தப் பேட்டர்ன் இருக்கா?"

"அப்பவே கிழிச்சுப் போட்டாச்சு."

கையில் இருக்கும் ஒரே சட்டையை வைத்துக்கொண்டு வாரா வாரம் வீடியோ எடுக்க முடியாது. ஆனால் வெளியே வரும்போது என் மண்டையில் ஓடியது வீடியோ இல்லை. அந்தப் பெண்ணுக்கு என் தோள். அது ஒரு தொழிற்சாலை முழுக்க யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது என்றால், மறைக்கத் தெரிந்தவள். மறைப்பது எப்படி என்று எனக்கும் தெரியும், எப்படி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், படம் எடுக்கும்போது யார் பின்னால் ஒண்ட வேண்டும் என்று. என்னைப் போல இன்னொருத்தியை நான் பார்த்ததே இல்லை. அவளும் மனுஷிதானே, அவளுக்கும் உடுத்தத் துணி வேண்டுமே. அவள் எங்கே வாங்குகிறாள்?

எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வி. முதல் முறையாக நான் ஒருத்தரிடம் கேட்கப் போகிறேன்.

மாஸ்டரை மறுபடி குடைந்ததில், நகரத்தின் பெரிய துணிக்கடை ஒன்றில், போட்டுப் பார்க்கும் அறைகளின் வாசலில் அவள் வேலை செய்வது தெரிந்தது. நான் எழுதியிருக்கும் கடைதான். அவள் நிற்கும் இடத்தைப் பல தடவை கடந்திருப்பேன். அங்கே நிற்பவர்களின் முகத்தை யார் பார்க்கிறார்கள், நானும் பார்த்ததில்லை.

அன்று பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சால்வையை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். சட்டை தெரிந்தால்தானே அவளுக்கு அடையாளம் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கடைசியில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன். தெருவில் இறங்கியதும் உடம்பில் பாதி குறைந்தது போலக் கூசியது.

கடையில் கூட்டம் அதிகமில்லை. வரிசையாகத் திரை போட்ட சின்ன அறைகள், வாசலில் ஒரு உயரமான மேஜை, அதன் பின்னால் கடையின் சீருடையில் அவள். எத்தனை துணி உள்ளே போகிறது என்று எண்ணி, அதற்கேற்ப ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொடுப்பதுதான் வேலை. என் கையில் ஒப்புக்கு எடுத்த இரண்டு சட்டைகள் இருந்தன. அவள் அவற்றை வாங்கப் போனவள், என் முகத்தைப் பார்க்காமல் நான் போட்டிருந்த சட்டையைப் பார்த்தாள். அட்டையைக் கீழே வைத்துவிட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது எங்க வாங்குனீங்க?"

நான் கேட்க வந்த கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். என் கண் அவள் தோளைத்தான் தேடியது. என் எதிரில் வந்து நின்றவளின் தோள்கள் இரண்டும் நேராக இருந்தன.

ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். சீருடைத் தோள்களில் சின்ன மடிப்பு கூட இல்லை. எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. என் ஆள் என்று நம்பி இவ்வளவு தூரம் வந்தால், இவள் இன்னொரு ஹேங்கர்.

"இதுக்கு அளவுக்கு நின்னது நீங்கதானா?"

"ஆமா."

"உங்க தோளு நேரா இருக்கே." அநியாயத்தைக் கேட்பது போல என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"இப்ப நேரா இருக்கு," என்றாள்.

"அப்ப ஏன் இறங்கியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு. கையும் வராது, காலும் வராது. காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தூக்கி நிக்க வச்சு, குளிப்பாட்டி, உடுத்தி உக்கார வைக்கணும். சாயங்காலம் வந்து மறுபடி தூக்கணும். இந்தத் தோளக் குடுத்துத்தான் தூக்குவேன். அவங்க நல்ல கனம். போகப்போக இது அப்படியே நின்னுடுச்சு போல. எனக்கே தெரியல."

"கண்ணாடில தெரியலையா?"

"துணி எப்படி நிக்குதுன்னு பாக்கறதுதானே என் வேலை. நான் எப்படி நிக்கிறேன்னு எங்க பாத்தேன்."

"அங்க இருந்தவங்க சொல்லலையா?"

"எங்க இறங்குது, எவ்வளவு இறங்குதுன்னு எல்லாம் பாத்தாங்க. நாள் முழுக்கப் பின் குத்தி, திருப்பித் திருப்பிப் பாத்து, கச்சிதமா வெட்டினாங்க. ஏன் இறங்குச்சுன்னுதான் யாரும் கேக்கல." குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். "நீங்கதான் கேட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அதைக் கேட்கவா நான் வந்தேன்? துணி எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்தேன், தோள் நேராக இருக்கிற கோபத்தில் இதைக் கேட்டேன்.

"அம்மா இப்ப..."

"போயிட்டாங்க. அப்புறம் கொஞ்ச நாள்ல இது தானா நேராயிடுச்சு." இடது தோளை லேசாக அசைத்துக் காட்டினாள். "எல்லாரும் நல்லதாப் போச்சுன்னாங்க. எனக்குத்தான், இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருந்திருக்கக் கூடாதான்னு இருக்கும்."

அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க யாரைத் தூக்குறீங்க?"

என் தோளைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "யாரையும் இல்ல. எனக்குப் பொறந்ததுலேருந்து இப்படித்தான்," என்றேன். என் வாயால் அதை வெளியாள் ஒருத்தரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

"அப்ப இது மாறாதா?"

"மாறாது."

"நல்லது," என்றாள்.

வாய் தவறி வந்ததோ என்று பார்த்தேன். இல்லை. மனதாரச் சொல்லியிருந்தாள். என் தோளைப் பார்த்து ஐயோ என்றவர்கள் உண்டு, பாவம் என்றவர்கள் உண்டு, பார்க்காதது போல நடித்தவர்கள் நிறைய உண்டு. நல்லது என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

"தொட்டுப் பாக்கலாமா?"

என் இடது தோளைத் தொட யாரையும் விட்டதில்லை. பெற்ற தாய் கை வைத்தாலே நெளிந்து விலகிவிடுவேன். அன்று தலையை ஆட்டினேன். அவள் உள்ளங்கையைத் தோளின் சரிவில் வைத்து, தையல் போகும் வழியே மெதுவாக இறக்கினாள். கொஞ்சம் அழுத்தினாள். பிறகு எட்ட நின்று, கீழ் ஓரம் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"நான் ஆடிக்கிட்டு நின்னேன்னு சொன்னாங்க," என்றாள். "பாருங்க, கொஞ்சமாவது ஆடியிருந்தா இப்படி உக்காருமா? நான் அசையாமத்தான் நின்னேன்." கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கை நிறையத் துணியோடு ஒரு அம்மாள் காத்திருந்தாள். இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போய், துணியை எண்ணி, அட்டையைக் கொடுத்தாள். நான் எங்கே துணி வாங்குவது என்று கேட்காமலே திரும்பிவிட்டேன்.

முதல் வீடியோவை அந்தக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் அம்மாவிடம் சொன்னேன். படம்பிடிப்பவர் எனக்கு நெடுநாள் பழக்கம், இதழில் வரும் என் முகத்தை எடுத்ததும் அவர்தான். கோணல் தெரியாத பச்சைச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கடைக்குள் போய் எல்லோருக்கும் தொங்குவதில் எனக்குப் பிடித்த ஒரு நீலச் சட்டையை எடுத்தேன். அவளிடம் அட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பஞ்சில்லாமல், சால்வையில்லாமல் போட்டுக்கொண்டு வந்து கேமரா முன்னால் நின்றேன். கழுத்து ஒரு பக்கம் வழிந்தது, இடது ஓரம் தொங்கியது.

படம்பிடிப்பவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினார். "மேடம், இடது தோளக் கொஞ்சம் தூக்குங்க. ஒரு பக்கமா இறங்கித் தெரியுது."

"தூக்க வராது."

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் முகத்துக்குக் கீழே அவர் என்னைப் பார்த்தது அப்போதுதான். "ஏன் மேடம்? தோளுக்கு என்ன?"

"கேமரா ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நிறுத்தட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். அப்படியே நின்றுகொண்டு அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.